திருகாணி வியாபாரியும் தண்ணீர் லாரியும்

ஜோசப் சேம்பர்லின் என்ற பெயரை எங்காவது படித்திருந்தீர்களானால், அநேகமாக போயர் யுத்தத்தோடு சேர்த்துத்தான் படித்திருப்பீர்கள். 1895 முதல் 1903 வரை பிரிட்டனின் காலனி மந்திரி. சாம்ராஜ்யத்தின் பரம பக்தர். ஹிட்லரோடு மியூனிக்கில் கையெழுத்துப் போட்ட நெவில் சேம்பர்லினின் அப்பா. அவரைப் புகழ்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் சொல்ல வந்தது அதற்கு இருபது வருடம் முந்தைய ஆளைப் பற்றி. திருகாணி (அதாங்க, ஸ்க்ரூ) செய்து விற்றுக்கொண்டிருந்துவிட்டு, முனிசிபாலிட்டிக்குப் போனவர்.

லண்டன்காரர்தான். 1854ல், 18 வயதில், உறவினர் நெட்டில்ஃபோல்டின் திருகாணிக் கம்பெனிக்கு அப்பா போட்ட முதலீட்டைப் பார்த்துக்கொள்ள பர்மிங்ஹாமுக்கு வருகிறார். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற புது இயந்திரம் அவர்கள் கையில் இருந்தது. சேம்பர்லின் கணக்கும் விற்பனையும் கவனித்தார். சின்னச் சின்னப் போட்டியாளர்கள் காணாமல் போனார்கள். 1874ல், 38 வயதில், பங்கை விற்றுவிட்டு பெரும் பணக்காரராகத் தொழிலிலிருந்து விலகினார். நம்மில் பல பேருக்கு அந்த வயதில் வீட்டுக்கடன் பாதிகூட முடிந்திருக்காது!

1869லேயே நகர்மன்ற உறுப்பினர். 1873ல் மேயர். அந்தக் காலத்து பர்மிங்ஹாம் நகர்மன்றம் எப்படி இருந்தது என்றால், செலவே செய்யக்கூடாது என்ற ஒரே கொள்கையோடு ஒரு கூட்டம் மதுக்கடையில் உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருந்தது. படித்தவனும் பணம் பார்த்தவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்ட மாதிரி இருக்கிறதா?

ஊருக்கு எரிவாயு விற்றவை இரண்டு தனியார் கம்பெனிகள். சேம்பர்லின் இரண்டையும் நகராட்சிக்காக 1875ல் வாங்கினார். விலை சுமார் 20 லட்சம் பவுன். எல்லாம் கடன். முனிசிபாலிட்டிக்கு வியாபாரம் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு முதல் வருடமே 34,000 பவுன் லாபம் காட்டினார். அடுத்து தண்ணீர்க் கம்பெனி. நகரத்தில் ஏராளமானவர்கள் சாக்கடை கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்துக்கொண்டிருந்த காலம். இங்கேதான் எனக்கு அவரைப் பிடிக்கிறது. எரிவாயுவில் வரும் லாபம் ஊருக்குச் சேரட்டும், ஆனால் தண்ணீரில் நகராட்சி லாபமே பார்க்கக்கூடாது என்பது அவர் வாதம். சந்தையில் எது விற்கலாம், எது விற்கக்கூடாது என்று ஒரு கெட்டிக்கார வியாபாரி பிரித்துச் சொல்கிறார். வியாபாரம் தெரியாதவன் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1875ல் வந்த சட்டத்தைப் பயன்படுத்தி நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளை இடித்தார்கள். அங்கே வந்தது கார்ப்பரேஷன் தெரு. 75 வருடக் குத்தகை, அது முடிந்ததும் நிலம் நகராட்சிக்கே திரும்பும். கணக்குப்படி அருமையான யோசனை. ஆனால் அங்கே எழும்பியவை கடைகளும் அலுவலகங்களும். இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு நகராட்சி மாற்று வீடு கட்டித் தரவில்லை. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் நெருக்கியடித்தார்கள். திறமைசாலி ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தத் தெருவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இருக்கும் புனேவுக்கு வருகிறேன். இங்கே பானேர், வாகட் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்குத் தெரியும், கோடை வந்தால் வளாக வாசலில் தண்ணீர் லாரி வரிசை கட்டும். பராமரிப்புக் கட்டணத்தோடு லாரிக் காசையும் கட்டுகிறோம். கரண்ட் போனால் ஜெனரேட்டர், காவலுக்குத் தனி ஆள். ஒவ்வொரு வளாகமும் ஒரு குட்டி முனிசிபாலிட்டி. சேம்பர்லின் தனியாரிடமிருந்து வாங்கி ஊருக்குக் கொடுத்ததை, நாம் ஊரிடமிருந்து பிடுங்கித் தனியாரிடம் கொடுத்துவிட்டோம். காசு இருக்கிற நமக்கு லாரி வரும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா குடியிருக்கும் இடத்துக்கு?

“நம்ம ஊர் மேயருக்கு அதிகாரம் ஏது?” என்பீர்கள். உண்மைதான். பர்மிங்ஹாமில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் கையில் ஊரை விட்ட அதே ஆங்கிலேயர்கள், பம்பாய்க்கு 1888ல் சட்டம் எழுதும்போது நிர்வாக அதிகாரத்தை அரசு நியமிக்கும் கமிஷனரிடம் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்தும் அந்த ஏற்பாட்டை நாம் விடவில்லை. புனே மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை, கமிஷனர்தான் எல்லாமாக இருந்தார். நம் வாட்ஸப் குழுக்களில் அதைப் பற்றி யாராவது மூச்சு விட்டார்களா? லிஃப்ட் ரிப்பேருக்கு நூறு மெசேஜ் போட்டோம்.

இன்னொன்று. சேம்பர்லினின் மேயர் பதவியும் ஒரு வருடப் பதவிதான். மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார், 1876ல் பார்லிமெண்டுக்குப் போய்விட்டார். அந்த மூன்று வருடத்தில்தான் இத்தனையும்.

எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. வெளியூர்க்காரன், மராத்தி தட்டுத்தடுமாறி வரும், நமக்கெதுக்கு என்ற சாக்கு போதும் என்கிறேன். பதினைந்து வருடம் வரி கட்டியவன் வெளியூர்க்காரன் இல்லை. வாக்காளர் அட்டையை இந்த முகவரிக்கு மாற்றலாம். வார்டு உறுப்பினர் பெயரைத் தெரிந்துகொள்ளலாம். மாநகராட்சி பட்ஜெட்டில் நம் வார்டுக்குக் குழாய்க்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்கலாம். ஆபீஸில் எக்செல் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு இதைத்தானே தினமும் செய்கிறோம்? கேட்கும்போது நம் வளாகத்துக் குழாயோடு நிறுத்திவிடாமல், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழாயையும் சேர்த்துக் கேளுங்கள். சேம்பர்லின் கோட்டைவிட்டது அங்கேதான்.