மூலையிற் கிடக்கும் கணினிகள்

2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி வீடு தேடி வந்துவிட்டது என்றார்கள். எவருடைய வீட்டைத் தேடி வந்தது? ஒரேயொரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நாம் அறிவோம். தந்தையார் அதனைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றால் அன்றைய பாடம் அத்தோடு சரி.

எமது அலுவலகங்களிலோ கணினிகள் தூசி படிந்து கிடக்கின்றன. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு நின்றது. புதிய பதிப்பை ஏற்கமாட்டாத கணினிகள் பழுதுபடாமலே பழையனவாயின. சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பூட்டி, நினைவகத்தைச் சற்றுக் கூட்டி, விலையில்லாத லினக்ஸை இட்டால், அவற்றுட் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இதனைச் செய்வார் யார்? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் பிள்ளைகளே செய்யலாம் என்கின்றோம். நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டப் பழகிய பிள்ளைக்கு இது பெருவித்தை அன்று. வழிகாட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவே. கனடாவில் 1993 இல் தொடங்கிய ‘பாடசாலைகளுக்குக் கணினிகள்’ திட்டத்தில் இளைஞர் சம்பளம் பெற்றே இவ்வேலையைப் பயில்கின்றனர். நாமும் பிள்ளைகளின் உழைப்பை இலவசமாய்க் கொள்ள எண்ணலாகாது.

கொடுப்போருக்கும் ஒரு சொல். குப்பையைக் கொடுத்துப் புண்ணியம் தேடவேண்டாம். உங்கள் கோப்புகளை முற்றாக அழித்து, மின்னேற்றியையும் சேர்த்தே கொடுங்கள். வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இவ்வாரமே தத்தம் அலுமாரிகளைத் திறந்து பார்ப்பார்களாக.