பேச வராத பிரெஞ்சுக்கு மதிப்பெண் எதற்கு?

ஹோட்டல் நிர்வாகம் படிக்கும் மாணவரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் 17 கோர்ஸ் பிரெஞ்சு மெனுவை வரிசை பிசகாமல் ஒப்பித்துவிடுவார். அதே மாணவரிடம் மாமல்லபுரத்து ரிசார்ட்டில் ஒரு பிரெஞ்சுப் பயணி, குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று தம் மொழியில் சொன்னால் பெரும்பாலும் பதில் வராது. குறை மாணவருடையதல்ல, தேர்வுத் தாளை நிரப்புவதற்கென்றே அந்த மொழி அவருக்குச் சொல்லித்தரப்படுகிறது.

இது மாற வேண்டும் என்கிறது சென்னை வட்டாரத்தில் விருந்தோம்பல் பயிற்சி தரும் ஆசிரியர்களின் அமைப்பு. வேலையிடத்துப் பேச்சுதான் முதல் பாடமாக வேண்டும்.

எந்த மொழி என்பதை ஊர் முடிவு செய்யட்டும். 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இயங்கிவரும் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அங்கே வந்து தங்கும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களைக் கவனிக்கப்போகும் மாணவருக்குப் பிரெஞ்சை மட்டும் கட்டாயமாக்குவதில் அர்த்தமில்லை.

பாடத்தின் வரிசையும் முக்கியம். ஜப்பானியம் கற்போர் பலர் கையில் எடுக்கும் ‘மின்னா நோ நிஹோங்கோ’வில் விருந்தினரிடம் பேச வேண்டிய ‘கேய்கோ’ என்னும் மரியாதை வழக்கு 49, 50ஆம் பாடங்களில்தான் வருகிறது. பொதுவாகப் படிப்பவருக்கு அது சரி. வரவேற்பு மேசையில் நிற்பவருக்கோ முதல் நாளே அது வேண்டும். சாவி கொடுப்பது, பில்லை விளக்குவது, உணவில் ஒவ்வாமை உண்டா என்று கேட்பது, டாக்டரை வரவழைப்பது என்று பத்துப் பதினைந்து சூழல்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கான மரியாதைப் பேச்சை மட்டும் வாய் பழகும்வரை சொல்லித்தரலாம். மரியாதைப் பன்மையில் வளர்ந்த தமிழ் மாணவர்களுக்கு இந்த நுட்பம் சீக்கிரமே பிடிபடும்.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். வழி சொல்ல அது போதும். காய்ச்சலில் நடுங்கும் விருந்தினர்முன் போனை நீட்டிக்கொண்டு நிற்பது உபசரிப்பாகாது.

கற்றுத்தர ஆளில்லை என்ற சாக்கும் சென்னையில் எடுபடாது. இன்கோ சென்டரில் கொரிய மொழியும், ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாயில் ஜப்பானியமும், கதே நிறுவனத்தில் ஜெர்மனும் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சிக் கல்லூரிகள் இவற்றோடு கைகோக்க வேண்டும். மொழித்தாளில் பாதி மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும்; அந்தத் தேர்வில் ஹோட்டலின் முன்அலுவலக மேலாளர் ஒருவரும் உட்கார வேண்டும். ரூம் சர்வீஸ் ஊழியர், ஓட்டுநர், வழிகாட்டி ஆகியோருக்கான குறுகியகாலப் படிப்புகளிலும் இதே பயிற்சி வர வேண்டும். கூடுதல் மொழி பேசுபவருக்குச் சம்பளத்தில் தனிப்படி தர ஹோட்டல்கள் முன்வர வேண்டும் என்பதையும் அமைப்பு இத்துடன் சேர்த்தே கேட்கிறது.