கடல் எல்லையும் சுடுகாட்டுப் பாதையும்

"எம்.எல். எதுலண்ணே சேரலாம்? எதுக்கு ஸ்கோப் இருக்கு?"

போன மாசம் ஒரு பொண்ணு விண்ணப்பத்தோடு வந்து கேட்டது. சட்டக் கல்லூரியில் கடைசி வருசம். அவங்க குடும்பத்தில் முதல் பட்டதாரி. (இப்போது அது எல்.எல்.எம். எங்க காலத்துப் பழக்கத்தில் எம்.எல். என்றே எழுதுகிறேன்.) 'ஸ்கோப்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு ஸ்கோப்? கம்பெனிச் சட்டம் படித்தால் கம்பெனிக்கு ஸ்கோப். அறிவுசார் சொத்துரிமை படித்தால் சொத்து வைத்திருப்பவனுக்கு ஸ்கோப். குடியிருக்கிற மனைக்குப் பட்டா இல்லாத சனத்துக்கு எதில் ஸ்கோப் என்று எந்தப் பேராசிரியர் சொல்லித் தருகிறார்?

இதைப் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. நான் எடுத்தது சர்வதேசச் சட்டம். அந்தப் பிரிவில் இடம் கிடைத்தது, வெளிநாடு போகலாம் என்றார்கள், எடுத்தேன். சேரியிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடிவிடுகிற ஆசை. இரண்டு வருசம் கடல் எல்லை படித்தேன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் எல்லை, 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதே இரண்டு வருசத்தில்தான் எங்க தெருப் பிணத்தை ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போகக் கூடாதென்று மறித்தார்கள். அடிதடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. விசாரித்தது ஒரு இன்ஸ்பெக்டர். டி.எஸ்.பி.க்குக் குறைந்த அதிகாரி புலனாய்வு செய்யக் கூடாது என்று 1995 விதிகளில் 7-ஆம் விதி சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது தெரிந்திருந்தது. நம்ம தரப்பில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். கேஸ் அதிலேயே செத்தது. எங்க பெரியப்பா கேட்டார்: "நீ ஏதோ பெரிய படிப்பு படிக்கிறியாமே, அது இதுக்கு ஆவாதாடா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

நம்ம வழக்குகள் டெல்லியில் சாவதில்லை தோழர்களே. காவல் நிலையத்து எழுத்தர் மேசையில் சாகின்றன. சாதிச் சான்றிதழை யாரும் கோர்ட்டில் தாக்கல் செய்யாததால் சாகின்றன. வாய்தா வாய்தாவாக இழுத்து, கூலியை விட்டுவிட்டு வர முடியாத சாட்சி மிரட்டலுக்குப் பணிவதில் சாகின்றன. அந்தச் சட்டத்தை இன்னும் 'பி.சி.ஆர். கேஸ்' என்று 1955 சட்டத்தின் பேரால் கூப்பிடுகிற அரசு வக்கீல் கையில் சாகின்றன. கீழவெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிந்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்காரர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது, கொலைக் குற்றத்துக்கு. வன்கொடுமைச் சட்டத்தில் தண்டனை இல்லை. பட்டியல் சாதிக்கான தனித்தொகுதியில் நின்று தலைவரானதற்காகவே தலையை அறுத்தார்கள். அதில் சாதி நிரூபணமாகவில்லை!

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2015-இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் தாய் சித்ரா உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். ப.பா.மோகன் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞராக வாதாடினார். முக்கிய சாட்சி பிறழ்ந்துபோன பிறகும், கோயில் கேமராப் பதிவை வைத்து 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை வாங்கினார்கள். கேமராப் பதிவைச் சாட்சியமாக ஏற்க வைக்க அப்போது சாட்சியச் சட்டம் 65-பி தெரிய வேண்டும். 2024 சூலை முதல் புதுச் சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. கோஷம் போடத் தெரிந்தால் மட்டும் இதெல்லாம் வராது.

அதனால் என் பதில் இது. எம்.எல். இல்லாமலே வக்கீல் ஆகலாம். பட்டமும் பார் கவுன்சில் தேர்வும் போதும். முதலில் மாவட்டக் கோர்ட்டுக்குப் போ. கேஸ் எங்கே சாகிறது என்று கண்ணால் பார். அப்புறம் படி. குற்றவியல் படி, இல்லை அரசியலமைப்பு படி. நம்ம அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. ஓராண்டுப் படிப்பா ஈராண்டா என்பதை உன் கையில் இருக்கிற காசு முடிவு செய்யும், அதில் பெரிய தத்துவம் இல்லை. ஏழு வருசம் தொழில் நடத்தியவரைத்தான் சிறப்பு அரசு வழக்கறிஞராகப் போடலாம் என்று வன்கொடுமைச் சட்டம் 15-ஆம் பிரிவு சொல்கிறது. நமக்கு வேண்டிய வக்கீலைப் போடச் சொல்லிக் கலெக்டரிடம் கேட்கவும் 4-ஆம் விதியில் வழி இருக்கிறது. கேட்கிறோம். கொடுக்க நம்மிடம் ஆள் எங்கே? அந்த ஏழாவது வருசத்தைக் குறி வைத்துத் திட்டம் போடு.

பாடம் சொல்லிக் கொடுக்க ஆசை என்றால் உடனே எம்.எல். படி, நெட் எழுது. அதை நான் ஓடிப்போவதாகச் சொல்ல மாட்டேன். 7-ஆம் விதியை எனக்கு ஒரு வாத்தியார் வகுப்பில் சொல்லியிருந்தால் எங்க பெரியப்பா கேள்வியே வந்திருக்காது. வெளிநாடுதான் வேண்டும் என்றால் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் 2022-இல் அதன் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளை எடுத்தால் உதவி கிடையாது என்றார்கள். சாதியை மட்டும் படிக்காதே, கடல் எல்லையை எவ்வளவு வேண்டுமானாலும் படி!

"கோர்ட்டே அவனுடையது, அதில் எதுக்குப் பட்டம்?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. மகத் குளத்தை நினைத்துப் பாருங்கள். 1927-இல் தண்ணீர் எடுத்ததோடு பாபாசாகேப் வீட்டுக்குப் போகவில்லை. சாதி இந்துக்கள் அவரைப் பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டார்கள். 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயிக்கிற வரை பத்து வருசம் நடத்தினார். அதற்கு நடுவில் 1928-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் சொன்னார், 1935-இல் அதன் முதல்வரானார். தெருவையும் கோர்ட்டையும் வகுப்பறையையும் ஒன்றாகத்தான் பார்த்தார்.

இதுவரை அந்தப் பொண்ணுக்குச் சொன்னேன். இனி சொல்வது நமக்கு. 'தியாகம் பண்ணு, மாவட்டக் கோர்ட்டுக்குப் போ' என்று சொல்வது சுலபம். முதல் மூணு வருசம் ஜூனியர் வக்கீல் எதைச் சாப்பிடுவது? அப்பன் வக்கீலாக இருப்பவனுக்கு ஆபீஸ் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, கட்சிக்காரனும் இருக்கிறான். நம்ம பிள்ளைக்குப் பஸ் காசு இல்லை. சிவில் நீதிபதித் தேர்வுக்கும் மூணு வருசத் தொழில் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனியருக்கு நகரத்தில் 20,000, மற்ற இடத்தில் 15,000 ரூபாய் கொடுங்கள் என்று 2024-இல் பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான். பட்டினி கிடக்கிற பிள்ளை கம்பெனிச் சட்டத்துக்குப் போனால் 'இயக்கத்துக்குத் துரோகம்' என்று டீக்கடையில் பேசுகிறோம். மாநாட்டு மேடைக்கும் பேனருக்கும் ஒரே நாளில் செலவழிக்கிற காசில் எத்தனை ஜூனியர்களை ஒரு வருசம் வைத்திருக்கலாம் என்று என்றைக்காவது கணக்குப் போட்டோமா? படுகொலை நடந்தால் மட்டும் ஊரெல்லாம் வசூல் பண்ணி, ஆதிக்க சாதி சீனியர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிறோம்.

அந்தப் பொண்ணு விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சரிண்ணே, மூணு வருசம் கழிச்சுப் போடுறேன். இப்ப யார்கிட்ட ஜூனியரா சேர்றது?"

என் ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மாசம் 5,000 என்னால் தர முடியும். இன்னும் 10,000 வேண்டும். இயக்கத்தின் மாவட்டச் செயலாளருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மூணு வாரம் ஆகிறது.