ஸ்வெட்டரில் உருண்டை: தூக்கி எறியத்தான் வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஸ்வெட்டர்கள் வெளியே வந்துவிடும். சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விடியற்காலை பஸ்சுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் தெரியும். பலருடைய ஸ்வெட்டரில் முழங்கையிலும் அக்குளிலும் இடுப்பிலும் கடுகு தூவியது போல உருண்டை உருண்டையாக நூல் திரண்டிருக்கும். துணி கிழியவில்லை, சாயம் போகவில்லை. ஆனாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது பழந்துணி. "இதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு எப்படிப் போவது?" என்று இன்னொன்று வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது?

பெங்களூரில் குளிரை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 1884-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இங்கே வெப்பநிலை 7.8 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. பின்னி மில் என்று எல்லோரும் சொன்ன பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில் தொடங்கியதும் அதே 1884-ல்தான். அங்கே கம்பளி நெய்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். ஆலை மூடப்பட்டுவிட்டது. கம்பளியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொன்ன அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கடைக்காரர் சொல்வதை நம்பி ஸ்வெட்டர் வாங்குகிறார்கள்.

உருண்டை எப்படி வருகிறது?

நூல் என்பது ஆயிரக்கணக்கான சிறு இழைகளை முறுக்கியது. உராய்வு ஏற்படும்போது குட்டையான இழைகளின் நுனி வெளியே வந்து பிசிராக நிற்கும். மேலும் உராய்ந்தால் பிசிர்கள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். குமாஸ்தாவுக்கு மேஜை விளிம்பு படும் முன்கையில் வரும். மூட்டை தூக்குகிறவருக்குத் தோளில் வரும். காவலாளிக்குப் பெல்ட் உரசும் இடத்தில் வரும். யார் என்ன வேலை செய்கிறார் என்பதை ஸ்வெட்டரே சொல்லிவிடும்!

அசல் கம்பளியில் இந்த உருண்டைகள் நாளடைவில் தாமாகவே உதிர்ந்துவிடும். அக்ரிலிக், பாலியெஸ்டர் கலந்தவற்றில் உதிராது. செயற்கை இழை வலுவானது. அது அறுபடாமல் உருண்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி 1950-ல் 'ஆர்லான்' என்ற பெயரில் அக்ரிலிக் இழையை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட 'கேஷ்மிலான்' ஜப்பானின் அசாஹி கம்பெனி செய்த அக்ரிலிக்தான். பெயரில் காஷ்மீர் வாடை வீசியதால் பலர் அதைக் கம்பளி என்றே நினைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் நம்மவர்கள் முதலில் செய்வது தடவிப் பார்ப்பது. எது மெத்தென்று இருக்கிறதோ அதை எடுக்கிறார்கள். "பியூர் உல்லன் அண்ணே, தொட்டுப் பாருங்க" என்று கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் முறுக்குக் குறைந்த நூலும் குட்டை இழையும்தான் துணிக்கு மென்மை தருகின்றன. உருண்டை அதிகம் வருவதும் அவற்றில்தான். சற்று முரடாக, நெருக்கமாகப் பின்னிய ஸ்வெட்டர் அழகில் ஒரு மாற்றுக் குறைவாக இருந்தாலும் நாலு குளிர்காலம் தாங்கும்.

பிளேடு போதும்

உருண்டையை விரலால் பிய்ப்பதுதான் பெரிய தவறு. ஒன்றைப் பிய்த்தால் அதோடு நாலு இழை உள்ளிருந்து வெளியே வரும். நூல் மெலியும். இரண்டே வாரத்தில் புது உருண்டை முளைக்கும். இழுக்கக்கூடாது, வெட்ட வேண்டும்.

ஸ்வெட்டரை மேஜைமேல் விரித்து, சுருக்கமில்லாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சவரம் செய்யும் ரேசரைச் சாய்வாக, அழுத்தாமல், ஒரே திசையில் ஓட்டினால் உருண்டைகள் சரசரவென்று வந்துவிடும். தையல், பொத்தான், பூவேலை உள்ள இடங்களில் ரேசர் கூடாது. அங்கே சிறு கத்தரிக்கோல். கடைசியில் ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் தூசு போய்விடும். இதற்கென்றே பாட்டரியில் ஓடும் சிறு கருவியும் விற்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று இல்லாமல், ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு தெரியாது. மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலையில் பருத்தித் துணியைப் பொசுக்குவதற்கு இயந்திரம் உண்டு. வீட்டில் அக்ரிலிக்கை நெருப்பருகே கொண்டுபோவது ஆபத்து. சூடான இஸ்திரிப் பெட்டியும் அதை உருக்கிவிடும்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு, குளிர்ந்த நீரில் திரவ சோப்புக் கலந்து அலசினால் போதும். துவைகல்லில் அடிப்பதும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் உருண்டைக்கு உரம் போடுவது போலத்தான். முறுக்கிப் பிழியவும் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டையாக விரித்துக் காயப்போட வேண்டும்.

யாருக்கு ஒரு நியாயம்?

இதெல்லாம் வாங்குகிறவர் செய்ய வேண்டியது. செய்கிறவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா? துணி எவ்வளவு உருண்டை பிடிக்கும் என்பதை முன்கூட்டியே பார்க்கத் தொழிற்சாலைகளில் சோதனை இருக்கிறது. இயந்திரத்தில் துணியை உராயவிட்டு மார்க் போடுவார்கள். 5 என்றால் உருண்டையே இல்லை, 1 என்றால் படுமோசம். திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பின்னலாடை இந்தப் பரீட்சையைத் தாண்டித்தான் போகிறது. பருத்தி பனியன் துணியில் பிசிரை நொதி கொண்டு நீக்கும் 'பயோ வாஷ்' முறையும் அங்கே சர்வசாதாரணம். லண்டன்காரருக்கு இத்தனை உபசாரம். நடைபாதையில் ஸ்வெட்டர் வாங்கும் கூலித் தொழிலாளிக்கு அது என்ன இழை என்று சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சுத்தக் கம்பளிக்கு 'உல்மார்க்' முத்திரை 1964-லேயே வந்துவிட்டது. அதைத் தேடிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

சீட்டு இல்லாதபோது ஒரு வழி உண்டு. உள்தையலில் தொங்கும் நூலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இடுக்கியால் பிடித்துப் பற்றவைத்துப் பார்க்கலாம். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாக நிற்கும். ஆனால் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இதைச் செய்ய முடியும்.

அக்ரிலிக் விற்பது குற்றமல்ல. விலை மலிவு, குளிரும் தாங்கும், ஏழைக்கு அதுதான் கைக்கு எட்டுகிறது. அக்ரிலிக்கை அக்ரிலிக் என்று சொல்லி விற்கட்டும், கம்பளி விலை வாங்க வேண்டாம். இங்கே ஸ்வெட்டர் விற்கிறவர்கள் குளிர் தொடங்குமுன்பே லூதியானாவில் சரக்கு எடுத்துவிடுகிறார்கள். இந்தக் குளிரில் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "இழைச் சீட்டு எங்கே?" என்று கேட்டால், அடுத்த கொள்முதலில் அவர்களும் லூதியானாக்காரரிடம் அதையே கேட்பார்கள்.