திருத்த வேண்டியது எந்தப் பிரிவு?

வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் நடைபெற்ற தேர்தலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்குரிய 15 ஆசனங்களுள் 11ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. பதின்மூன்றாம் திருத்தம் போதாது என்றே அதன் வேட்பாளர் வாக்குக் கேட்டனர். போதாது என்பது மெய்யே. ஆயின் சபையின் கைகளைக் கட்டிய கயிறு அரசியலமைப்பில் மட்டுமன்றி, 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்திலும் உண்டு. அதன் 32ஆம் பிரிவு மாகாண உத்தியோகத்தரின் நியமனத்தையும் இடமாற்றத்தையும் பதவிநீக்கத்தையும் ஆளுநரிடம் ஒப்படைக்கிறது. முல்லைத்தீவின் ஒரு கிராமப் பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பும் இறுதி அதிகாரம், அவ்வூரார் ஒருபோதும் வாக்களித்திராத ஒருவருடையது! நிதி பற்றிய நியதிச்சட்டமும் அவர் விதந்துரையின்றிச் சபைக்கு வர இயலாது.

இச்சட்டம் பாராளுமன்றம் இயற்றிய சாதாரண சட்டம். இதனைத் திருத்தக் கோருவது ஒற்றையாட்சியை ஏற்பதாகும் என்பர் சிலர். அச்சட்டத்துக்கு உட்பட்ட சபைக்கே வேட்புமனுக் கொடுத்து, ஆசனத்தில் அமர்ந்து, படியும் பெற்றபின் இவ்வாதம் எங்ஙனம் பொருந்தும்? 2016 ஏப்ரலிற் சபை கூட்டாட்சி வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. பெரியது கேட்டல் பிழையன்று. அதனைக் காட்டிச் சிறியதைத் தள்ளிப்போடுவதே பிழை. 2018 ஒக்டோபரிற் சபையின் காலம் முடிந்தது. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை, ஆளுநரே ஆண்டார். இனி வன்னிக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் 32ஆம் பிரிவுக்குப் பதிலாக எதனை எழுதுவர் என்பதை எழுத்திலே தருதல் வேண்டும்.