பணம் போகும் வழியில் பூட்டு வேண்டும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும் சாலை கிளாவரையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் காட்டு வழிதான். அதில் இறங்கி நடந்தால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. இரண்டு பக்கமும் மலைப்பூண்டு விளைகிறது, தமிழ் பேசுகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் உண்டு. லாட்டரிச் சீட்டு விஷயத்தில் மட்டும் இந்த இரண்டு பக்கமும் வெவ்வேறு தேசம். வட்டவடையில் விற்கும் சீட்டை அச்சடிப்பதே கேரள அரசு. 1967 முதல் நடத்துகிறது. அதே சீட்டைப் பூண்டியில் விற்றால் போலீஸ் பிடிக்கும். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது.

அந்தத் தடை சரியானதே. வருமானத்துக்காக அதை நீக்கலாம் என்று அவ்வப்போது எழும் யோசனையை இந்தப் பத்திரிகை ஏற்காது. ஆனால் தடையோடு கடமை முடிந்ததாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் லாட்டரியே சாட்சி. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து ‘மூணு நம்பர்’ லாட்டரி துண்டுச் சீட்டில் ஓடியது, பிறகு வாட்ஸ்அப்புக்கு மாறியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே மாண்டதற்கும் அந்த லாட்டரியில் பட்ட கடன்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. சட்டப் புத்தகத்தில் லாட்டரி ஒழிந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது ஆன்லைன் சூதாட்டத்துக்கு வருவோம். இதைத் தடுக்க இத்தனை ஆண்டுகள் குறுக்கே நின்றது ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற வாதம். 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டமே திறமை விளையாட்டுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெரும்பாலும் திறமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. அது செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடியவர்களின் வழக்கு. எதிரே ஆடுவது மனிதனா மென்பொருளா என்றுகூடத் தெரியாத, இரவு பகல் மூடாத, தோற்ற அடுத்த நொடியே மறு ஆட்டத்துக்கு அழைக்கும் செயலிக்கு அதே தீர்ப்பை நிறுவனங்கள் குடையாகப் பிடித்தன.

தமிழ்நாடு இந்தக் குடையோடு மல்லுக்கட்டிய கதை நீளமானது. 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் நான்கு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மிஞ்சியது ஒழுங்குமுறை: ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது என்பவை. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். அதற்கு எதிரான வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அங்கே 1967இன் குடை மறுபடி விரிக்கப்படக் கூடாது என்பதே நம் விருப்பம். (தடை செய்த மறு மாதமே ஜிஎஸ்டி மன்றம் இதே பண விளையாட்டுக்கு 40 விழுக்காடு வரி வகுத்ததை என்னவென்று சொல்வது!)

உலகம் இந்த விஷயத்தில் ஒரு வழியில் போகவில்லை. பிரிட்டன் உரிமம் கொடுத்து நடத்தவிடுகிறது. ஆனால் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. ஜெர்மனியில் ஒருவர் எத்தனை தளங்களில் ஆடினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக மாதம் 1,000 யூரோதான் கட்டலாம். ஆஸ்திரேலியா 2001 சட்டப்படி ஆன்லைன் கேசினோவைத் தடுக்கிறது, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கிறது. சிங்கப்பூர் 2022 சட்டத்தில், உரிமமில்லாத தளத்தில் ஆடுபவருக்கே ஆறு மாதம்வரை சிறை. இன்னொரு கோடியில் மால்டா; தன்னிடம் உரிமம் வாங்கிய நிறுவனங்களுக்கு எதிராக வெளிநாட்டு நீதிமன்றங்கள் தரும் தீர்ப்புகளைத் தன் மண்ணில் நிறைவேற்ற வேண்டாம் என்று 2023இல் சட்டமே போட்டது. வியாபாரி தனக்குத் தோதான கொடியை ஏற்றிக்கொண்டு கடை விரிக்கிறான். பூண்டியில் டவர் கிடைக்கும் இடமெல்லாம் அவன் கடைவாசல்.

அவன் பணம் வாங்கும் விதத்தைக் கவனியுங்கள். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு போட்டுவிட்டு வருபவருக்குக் கமிஷன் கடைக்காரர் ஒரே தவணையில் கணக்கில் பணம் போட்டுவிடுகிறார். விதைக்கும் உரத்துக்கும் அடுத்த போகம்வரை அதுதான் முதல். அவர் டெலிகிராமில் வரும் இணைப்பைத் தொட்டு, போனஸ் ஆசையில் ‘டெபாசிட்’ அழுத்தினால், திரையில் ஒரு யுபிஐ முகவரி வரும். பெயரைப் பார்த்தால் ஏதோ மளிகைக் கடை, மொபைல் கடை. நாளைக்கு அந்தப் பெயரும் மாறிவிடும். யாரோ ஒரு ஏழை சில ஆயிரங்களுக்கு வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு அது. நிறுவனம் கடல் கடந்து உட்கார்ந்திருக்கலாம். முதல் ரூபாய் கைமாறுவது இந்திய வங்கியில்தான். தளத்தை முடக்கினால் அதன் முகவரியில் எழுத்து ஒன்றை மாற்றிக்கொண்டு மறுநாள் வந்துவிடுகிறான். கணக்கை முடக்கினால் அவ்வளவு சுலபத்தில் வர முடியாது. நார்வே 2010இலேயே இந்த முடிச்சைப் பிடித்தது. வெளிநாட்டுச் சூதாட்ட நிறுவனங்களுக்குப் பணம் அனுப்ப வங்கிகளுக்குத் தடை போட்டது.

இந்தியச் சட்டத்திலும் பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோனால் தண்டனை உண்டு. ஆனால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்க வங்கிகளுக்கு இடம் இருக்கும்வரை அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான். நேற்றுவரை தூங்கிக் கிடந்த சேமிப்புக் கணக்கில் பல மாவட்டங்களிலிருந்து நூறும் ஐந்நூறுமாக நாள் முழுக்கப் பணம் விழுந்தால், அதைக் கண்டுபிடிக்க வங்கிக்குச் சோதிடம் தெரிய வேண்டியதில்லை. அத்தகைய கணக்கை உடனே நிறுத்தாத வங்கி, ஏமாந்தவருக்கு இழப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

சென்னையிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டமோ ஆடுபவருக்கும் மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. சிங்கப்பூர் வழியில் போகும் இந்தப் பிரிவு யாரைக் காப்பாற்றுகிறது? பூண்டு விற்ற காசைத் தொலைத்தவர் கொடைக்கானல் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தால், முதல் குற்றவாளி அவரே. அதனால் வாயைத் திறக்க மாட்டார். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற ஒரே தடயமும் அவரோடு அடங்கிவிடும். அடுத்த பேரவைக் கூட்டத்தொடரிலேயே இந்தப் பிரிவை நீக்கிவிட்டு, புகார் கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கணக்கு எண்ணை மட்டும் வாங்கி முடக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்துக்கு அரசு கொடுக்கட்டும்.