பிள்ளைகள் தாமே நீதிபதிகள்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி மலையடிவாரம் வரையுள்ள ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன் பால்யத்தைக் கழித்தவர்களுக்கு, விளையாட்டுச் சாமான்களுக்குக் குறைவே இருந்ததில்லை. கொட்டகுடி ஆற்றின் கூழாங்கல் தட்டாங்கல்லாகவும், ஒரு புறம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டை தாயக்கட்டையாகவும், நுங்கு தின்று எறிந்த காய்கள் இரண்டு குச்சியில் கோத்த வண்டியாகவும் உருமாறின. காசு கொடுத்து வாங்கியவை பெரும்பாலும் கோலியும் பம்பரமுமே.

அந்தப் பம்பரத்தின் சட்டதிட்டங்கள் கடுமையானவை. ஆணியிலிருந்து மேல்நோக்கிச் சாட்டையை நெருக்கமாகச் சுற்றி, நுனி முடிச்சை விரலிடுக்கில் இறுக்கி, எல்லோரும் ஒரே சமயத்தில் வீசி, சுழலும் பம்பரத்தைச் சாட்டையாலேயே சுண்டி மேலெழுப்பிக் கையில் ஏந்துவதே அபீட்; அதில் பிந்தியவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் கிடந்து, மற்றவர்களின் ஆணி பதிக்கும் ஆக்கர்களைத் தாங்க வேண்டும். எவன் முந்தினான் என்ற வழக்கைத் தீர்க்கப் பெரியவர் எவரும் வந்ததில்லை. அழுகுணி ஆட்டம் ஆடியவனை ஒதுக்கியதும், ஆள் குறைகிறதென்று மறுநாளே சமாதானமாகிச் சேர்த்துக்கொண்டதும் அவர்களேதாம்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, கோலியாடும் சிறுவர்களை அருகிருந்து கவனித்து, 1932-இல் வெளியிட்ட நூலில் இதையே ஆராய்ந்தார்: விதி என்பது பெரியோர் இட்ட மாறாத கட்டளை என்று நம்பும் குழந்தை, பிராயம் ஏற ஏற, அது ஆடுவோர் அனைவரும் இசைந்து செய்துகொள்ளும் உடன்படிக்கை என்று உணர்கிறது. ஜனநாயகத்தின் அரிச்சுவடி அதுவே அன்றோ!

அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ்வது என் நோக்கமன்று. பெண் குழந்தைகளுக்குத் திண்ணையே எல்லையாக இருந்த வீடுகளும், சாதி பார்த்துச் சேர்த்த தெருக்களும் உண்டு. ஆயினும், நியாயத்தைக் கைப்பேசியின் இயந்திரமோ பயிற்சியாளரின் ஊதலோ தீர்மானித்துவிடும் இன்றைய விளையாட்டில், வாதாடி இணங்கும் சாமர்த்தியம் குழந்தைக்கு எங்ஙனம் வாய்க்கும்?

ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. ஆகவே, பரீட்சையைக் காரணம் காட்டி விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும்; ஆணும் பெண்ணும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்தாடும் அந்த வேளையில், ஆபத்து நேராமல் காப்பதோடு ஆசிரியர் நிற்க, தீர்ப்பைப் பிள்ளைகளே சொல்லட்டும்.